நெல்டா ஜன்னல்

அந்த ஓட்டையைப் போட்டவள் நான் இல்லை. எங்கள் மாவட்டத்தில் முழுக் கதையையும் கேட்பதற்கு முன்பே சிரித்துவிட்டவர்கள் அதிகம். அதனால்தான் இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கிப் பயிற்சித் திடலின் தகரக் கூரையில், மூன்றாவது மேசைக்கு நேர் மேலே, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. வெயில் ஏறினால் அதன் வழியாக மேசைமேல் ஒரு பொட்டு வெளிச்சம் விழும். அதற்கு ‘நெல்டா ஜன்னல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நெல்டா நான்தான்.

என் தொழில் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது. இருபத்தாறு வருடமாக ஒரு பழைய வேனில் கருவிப்பெட்டியோடு அமெரிக்காவின் இந்த ஓசார்க் மலைப்பக்கம் முழுக்கச் சுற்றுகிறேன். தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள், சரளைக்கல் பாதையின் கடைசியில் இருக்கும் பண்ணை வீடுகள் எல்லாம் எனக்கு ஒன்றுதான். பெரும்பாலும் தனியாகத்தான் போவேன். பயந்ததில்லை, போன மார்ச் மாதம்வரை.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை மத்தியானம், மனைவியின் பியானோவைச் சரிசெய்ய வேண்டும் என்று ஒருவன் போனில் கூப்பிட்டான். போனேன். கூடத்தில் சோபா இருந்தது, டிவி இருந்தது. பியானோ இல்லை. மனைவியும் இல்லை.

“பியானோ எங்க?” என்று கேட்டேன்.

“உக்காரு. என்ன அவசரம்? பேசிட்டிருக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே போய் வாசல் கதவில் சாய்ந்து நின்றான்.

 என் வாய் தானாக வேலை செய்தது. “வேன்ல என் அக்கா பையன் இருக்கான், கருவி எடுத்துட்டு வரச் சொல்றேன்” என்று சொல்லி, ஜன்னல் பக்கம் திரும்பி “டெரில்!” என்று கத்தினேன். அப்படி ஒரு பையன் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. அவன் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்த அந்தக் கணத்தில் அவன் கைக்குக் கீழே குனிந்து ஓடி வந்து வேனில் ஏறினேன்.

நெடுஞ்சாலைக்கு வந்ததும் மாவட்டப் போலீஸான ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். “பக்கத்துல வண்டி எதுவும் இல்ல மேடம், வர அம்பது நிமிஷம் ஆகும்” என்றான் எடுத்தவன். அப்புறம், “உங்களைத் தொட்டாரா?” என்று கேட்டான். இல்லை என்றேன். “அப்ப நாங்க என்னன்னு எழுதறது?” என்றான்.

அந்த ஆள் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறான். தீவனக் கடையில் தக்காளி நாற்று வாங்குகிறான், தொப்பியைத் தொட்டு எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறான். எனக்கும் சொல்கிறான்.

ஆகவே ஒரு கைத்துப்பாக்கி வாங்குவது என்று முடிவு செய்தேன். அப்பா வீட்டில் மான் வேட்டைக்கு நீளத் துப்பாக்கிகள் இருந்தன. ஆனால் கைக்குள் அடங்குகிற ஒன்றை நான் என் ஐம்பத்து நான்கு வயதுவரை தொட்டதில்லை. என் அக்கா மார்லிஸிடம் சொன்னேன். நான் செய்த தவறு அதுதான். அவள் தன் புருஷன் ராய்ஸிடம் சொல்லிவிட்டாள்.

ராய்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினெட்டு வருடமாக வேட்டைக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர். திடல் சங்கத்துக்கு உபதலைவர். வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சுத் தொப்பி இல்லாமல் அவரை நான் பார்த்தது அவர் கல்யாணத்தன்று மட்டும்தான். ‘விசையில் விரல் வைக்காதே, சுடத் தயாராகும்வரை’ என்று எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைகூடச் சொல்லும் என்றால், அது அவர் புண்ணியம். அதை நான் மறுக்கவில்லை.

“தனியாப் போனா உன் தலையில எதையாவது கட்டிருவான். நான் வர்றேன்” என்று அவரே வேனில் ஏறிக்கொண்டார்.

கடையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கிப் என்கிற தாடிக்காரப் பையன். நான் வாங்க வந்தவள், அவனுக்கு நேர் எதிரே நிற்கிறேன். அவன் ராய்ஸைப் பார்த்துக் கேட்டான்: “அவங்களுக்கு என்ன மாதிரி பாக்கறீங்க?”

“சின்னதா, லேசா. கைப்பைக்குள்ள போற மாதிரி” என்றார் ராய்ஸ்.

நான் கைப்பையே வைத்துக்கொள்வதில்லை.

கிப் ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து வைத்தான். கத்தரிப்பூ நிறம். “பெண்கள் எல்லாரும் இதைத்தான் விரும்பறாங்க மேடம். அஞ்சு தோட்டா. பூட்டு கீட்டுன்னு மறந்துபோற சமாச்சாரம் எதுவும் கிடையாது, விசையை இழுத்தா வெடிக்கும்.” சொல்லிவிட்டு என் வலது கையில் அதைத் திணித்தான். நான் இடக்கைக்காரி. கையை மாற்றிக்கொண்டேன். அவன் கவனிக்கவில்லை.

காலி என்று உறுதி செய்துகொண்டு, சுவரைப் பார்த்து விசையை இழுத்தேன். இழுத்தேன், இழுத்தேன், பாதி தூரத்தில் நின்றது. இன்னொரு விரலையும் சேர்த்து இழுத்தபோதுதான் ‘டக்’ என்றது. அதற்குள் குழாய் முனை சுவரை விட்டு நழுவித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ராய்ஸ் சிரித்தார். “ரெண்டு விரலா? பியானோ வாசிக்கிறியா?”

“இதை இழுக்க எவ்வளவு எடை வேணும்?” என்று கிப்பிடம் கேட்டேன்.

“அதெல்லாம் நீங்க யோசிக்க வேண்டாம் மேடம், பழகிரும்.”

எனக்குச் சுள்ளென்று வந்தது. நான் பிழைப்பதே அந்த யோசனையில்தான். ஒரு பியானோக் கட்டையை அழுத்த ஐம்பது கிராம் எடை வேண்டும். அறுபதைத் தாண்டினால் வாசிப்பவர் விரல் நோகிறது என்பார். நாற்பதுக்குக் கீழே போனால் விரல் உரசினாலே சத்தம் வரும். எந்த இடத்தில் கம்பியை அடிக்கும் சுத்தி விடுபடுகிறது, எவ்வளவு தூரம் திரும்பி வந்தால் மறுபடி தயாராகிறது என்பதை ஒரு பியானோவில் எண்பத்தெட்டு தடவை பார்க்கிறவள் நான். விசை என்பது அதே மாதிரியான ஒன்றுதான். ஒரே வித்தியாசம், இதில் தப்பு நடந்தால் அபஸ்வரத்தோடு முடியாது.

“தம்பி, அளந்து சொல்லு” என்றேன்.

அவன் வேண்டாவெறுப்பாக ஒரு தூக்குத் தராசு மாதிரிக் கருவியை விசையில் மாட்டி இழுத்தான். பன்னிரண்டு பவுண்டு.

“சரி, கட்டைவிரலால பின்னால இருக்கிற சுத்தியை முதல்ல மடக்கிக்குங்க. அப்புறம் நாலே பவுண்டுதான்” என்றான்.

“ஒருத்தன் கதவை மறிச்சுட்டு நிக்கும்போது எனக்கு அது ஞாபகம் வருமா?”

 அதற்கப்புறம்தான் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான் என்பதையும் சொல்ல வேண்டும். மற்றவற்றை எடுத்து வைத்தான். ஒரு வகையில் முதல் இழுப்பு மட்டும் நீளமாகவும் கனமாகவும் இருக்கும், அடுத்ததிலிருந்து எல்லாம் குட்டையாகவும் லேசாகவும் மாறிவிடும். இன்னொரு வகையில் எல்லா இழுப்பும் ஒரே எடை, நடுத்தரம், ஐந்தரைப் பவுண்டு; தனிப் பூட்டு கிடையாது, விசையிலேயே ஒரு சின்ன நாக்கு, அதையும் சேர்த்து அழுத்தினால்தான் நகரும். மூன்றாவது வகையில் சுத்தி எப்போதும் மடங்கியே இருக்கும். பக்கவாட்டில் ஒரு பூட்டுநெம்பு, அதைக் கட்டைவிரலால் கீழே தள்ளிவிட்டால் லேசாகத் தொட்டாலே போதும்.

“அந்தக் கடைசி வகைதான் துப்பாக்கி. மத்ததெல்லாம் பொம்மை” என்றார் ராய்ஸ். இடுப்பில் இருந்த தன்னுடையதைத் தட்டிக்காட்டினார். “இதோட விசையை நானே அராவி லேசாக்கி வெச்சிருக்கேன். மூச்சு விட்டா வெடிக்கும்.”

“பயந்தா நான் அதிகமா செய்யறதே மூச்சு விடறதுதான் ராய்ஸ்” என்றேன்.

கிப் சிரித்துவிட்டான். ராய்ஸுக்கு அது பிடிக்கவில்லை. அன்று நான் எதுவும் வாங்கவில்லை. திடலில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன் என்று வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை திடலுக்குப் போனோம். அங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பு ஆர்டித். அறுபது வயதுக்காரி, ராணுவத்தில் சமையல் பிரிவில் இருந்தவள், சிரிப்பைச் சில்லறை மாதிரி எண்ணித்தான் கொடுப்பாள். மூன்று வாடகைத் துப்பாக்கிகளை மேசைமேல் வைத்து, “தோட்டா இன்னும் தரல. முதல்ல காலியா வெச்சு எல்லாத்தையும் இழுத்துப் பாரு. நான் குறி அட்டை எடுத்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு அலுவலக அறைக்குள் போனாள். ஒன்றாம் மேசையில் இரண்டு பேர் காதுமூடி போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

நானும் காதுமூடியோடுதான் இருந்தேன். “சொல்றது கேக்கணும், கழட்டு” என்றார் ராய்ஸ். கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். என் கையில் காலி ரிவால்வர், தோட்டா போடும் உருளையை வெளியே திறந்து வைத்திருந்தேன்.

ராய்ஸ் தன்னுடையதை உருவினார். “நல்ல விசைன்னா என்னன்னு முதல்ல தெரிஞ்சுக்கோ. இந்தா, பிடி.”

“வேண்டாம். அது எனக்கானது இல்ல.”

“பிடிச்சுப் பாக்காம எப்படித் தெரியும்? சரி, பாரு. விரல் எப்பவும் வெளியிலதான் இருக்கணும். இப்படி.” குழாயை மேலே தூக்கிக்கொண்டு, பூட்டைத் தள்ளினார். “பிள்ளைங்களுக்கு நான் என்ன சொல்லுவேன்னா…”

வெடித்தது.

தகரக் கூரைக்குக் கீழே, என் வலது காதிலிருந்து ஒரு முழ தூரத்தில். உலகம் முழுக்க ஒரே ஒரு உச்ச ஸ்வரமாக நீண்டது. கூரையிலிருந்து துருப்பொடி உதிர்ந்து மேசைமேல் விழுந்தது. ராய்ஸின் முகம் மாவு மாதிரி வெளுத்தது. அவர் துப்பாக்கியை என் முன்னால் மேசைமேல் வைத்தார். ஒன்றாம் மேசைக்காரர்கள் திரும்பினார்கள், ஆர்டித் அறையிலிருந்து ஓடி வந்தாள். அப்போது அவர் வாய் அசைந்தது. எனக்கு அது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது மாதிரிக் கேட்டது.

“விசையில விரல் வைக்காதேன்னு சொன்னேனே நெல்டா!”

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. இதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. காதைப் பொத்திக்கொண்டு அவரை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். “பரவால்ல, பரவால்ல. முதல் தடவை எல்லாருக்கும் நடக்கறதுதான்” என்று மற்றவர்களிடம் சொன்னார். அவர்கள் பரிதாபமாகத் தலையாட்டினார்கள். எனக்கு வார்த்தை திரும்பி வந்தபோது நான் வேனில் இருந்தேன், மார்லிஸ் வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டிருந்தேன்.

“ஏன் அப்படிச் சொன்ன?” என்று கேட்டேன். என் குரலே எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

“சட்டுன்னு வாயில வந்துருச்சு. விடு. ரெண்டு நாள்ல மறந்துருவாங்க” என்றார்.

மறக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் போதகரே, “நெல்டா, நம்ம கூரை போன வருஷம்தான் மாத்தினோம், பாத்து” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இரும்புக் கடையில் ஒருவன் குடை வாங்கிக்கொள்ளச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை, “கை நடுங்குதா உங்களுக்கு? பியானோவைத் தொடறதுக்கு முன்னால சொல்லிருங்க” என்று விளையாட்டாகக் கேட்டாள். விளையாட்டுத்தான். நான் அந்த விளையாட்டைத் தினம் தினம் விழுங்கினேன்.

ஆனால் அது பெரிதில்லை. பெரியது என் காது. வலது காதில் அந்த ஸ்வரம் நிற்கவே இல்லை. மேல்ஸ்தாயிக் கம்பிகளை முறுக்கும்போது கம்பி பேசுகிறதா, என் காது பேசுகிறதா என்று தெரியவில்லை. ஒரு தேவாலயப் பியானோவை முடித்துவிட்டேன் என்று நினைத்து வந்தேன். அவர்கள் மறுநாள் கூப்பிட்டு, மேல்ஸ்தாயி முழுக்கச் சுருதி ஏறியிருக்கிறது என்றார்கள். இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு போன் எனக்கு வந்ததில்லை. மூன்று வாரம் எல்லா வேலையையும் தள்ளிப்போட்டேன். காது மருத்துவர், “முக்காவாசி திரும்ப வரும். மிச்சத்தோட வாழப் பழகிக்கணும்” என்றார்.

மார்லிஸிடம் போனேன். அவள் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“அவர்தான் சுட்டார், உனக்குத் தெரியுமா?” என்றேன்.

அவள் நிமிரவில்லை. “தெரியும். அன்னைக்கே சொல்லிட்டார்.”

“தெரியுமா?”

“நெல்டா, இந்த வசந்தத்துல முப்பது பிள்ளைங்க அவர் வகுப்புல சேர்ந்திருக்காங்க. அவர்தான்னு தெரிஞ்சா வகுப்பு எடுக்கற அனுமதி அட்டையைப் பிடுங்கிருவாங்க. அவருக்கு வேற என்ன இருக்கு? நீ பியானோக்காரி. உன்னை யார் துப்பாக்கி விஷயத்துல பெருசா நினைக்கப்போறாங்க? உனக்கென்ன நஷ்டம்?”

நான் என் வலது காதைத் தொட்டுக் காட்டினேன். அவள் மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கதவைச் சாத்தாமல் வந்துவிட்டேன். சாத்தியிருந்தால் சாத்தின வேகத்தில் நிலையோடு கழன்றிருக்கும்.

ஆறு வாரம் கழித்து ஆர்டித் போன் செய்தாள். திடலில் தவறி வெடித்தால் அதற்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும், சுட்டவர் கையெழுத்துப் போட வேண்டும், காப்பீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். “சனிக்கிழமை சங்கத்துல காலைச் சாப்பாடு இருக்கு. வந்து சாப்பிட்டுட்டு, கையெழுத்துப் போட்டுட்டுப் போ” என்றாள்.

போனேன். கூரைக்குக் கீழே நீளமாக மேசைகள் போட்டிருந்தார்கள். புது மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அப்பமும் குழம்புமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மார்லிஸ் குழம்புச் சட்டிக்குப் பின்னால் கரண்டியோடு நின்றாள். ஆர்டித் ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தாள். ‘சுட்டவர்’ என்ற இடத்தில் என் பெயர் ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து ராய்ஸ் எழுந்தார். பெற்றோருக்கு முன்னால் பாதுகாப்பு உரை. “ஒரு அம்மா, பேரைச் சொல்ல மாட்டேன்…” என்று ஆரம்பித்தார். பாதிப் பேர் அண்ணாந்து கூரையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆறு வாரத்தில் கதைக்குக் கையும் காலும் முளைத்திருந்தது. “நான் தண்ணி குடிக்கத் திரும்பினேன். அந்த நேரத்துல என் துப்பாக்கியை எடுத்துருச்சு. கட்டைவிரல் பூட்டைத் தள்ளற சத்தம் எனக்குக் கேட்டுச்சு, க்ளிக்குன்னு. திரும்பறதுக்குள்ள டமால்!”

நான் எழுந்து நின்றேன். 

“எந்தக் கையில எடுத்தேன் ராய்ஸ்?”

 அவர் சிரித்தே சமாளித்தார். “உன் கையிலதான். இடது கை. நீதான் எல்லாத்தையும் இடது கையில செய்வியே.”

“ஆர்டித், அவரோடதைக் காலி பண்ணி இங்க வைக்கச் சொல்லு.”

ஆர்டித் என்னை ஒரு கணம் பார்த்தாள். “ராய்ஸ், காலி பண்ணு. மேசைல வை” என்றாள். நாற்பது ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் காலி செய்து வைத்தார். அவள் உள்ளே விரல்விட்டுச் சரிபார்த்த பிறகு என்னிடம் தள்ளினாள்.

ஆள் இல்லாத மண்மேட்டுப் பக்கம் திரும்பி இடது கையில் எடுத்தேன். “பூட்டுநெம்பு இடது பக்கம் மட்டும்தான் இருக்கு. வலதுகைக்காரங்க கட்டைவிரலுக்காக. என் கட்டைவிரல் இந்தப் பக்கம் இருக்கு, பாருங்க. இங்க ஒன்னுமே இல்ல. நான் எதைத் தள்ளினேன்? எது க்ளிக்குன்னுச்சு?”

முன்வரிசையில் ஒரு தகப்பன் கழுத்தை நீட்டிப் பார்த்தான். யாரோ மெல்ல, “ஆமாய்யா” என்றார்கள்.

“அப்ப ரெண்டு கையாலயும் பிடிச்சிருப்ப” என்றார் ராய்ஸ்.

“பிடிச்சிருப்பனா? பக்கத்துல நின்ன நீ பாத்தியா, பாக்கலியா? தண்ணி குடிச்சியா, குடிக்கலியா? என்கிட்ட அன்னைக்கு வேற சொன்னியே, வாயில வந்துருச்சுன்னு!”

“பொம்பளைங்க கோபத்துல…” என்று பெற்றோர் பக்கம் திரும்பி ஆரம்பித்தார்.

“போதும் ராய்ஸ்.”

மார்லிஸ்தான். கரண்டியிலிருந்து குழம்பு மேசை விரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. “நீதான் சுட்ட. வீட்டுக்கு வந்து அழுதுட்டே சொன்ன. அவ காதையும் கெடுத்துட்டு, இன்னும் அவளையே வெச்சுக் கதை சொல்லிட்டு இருக்க. நானும் கேட்டுட்டு நின்னேன். போதும்.”

ராய்ஸ் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருப்பது போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆர்டித் என் பெயர் இருந்த காகிதத்தை நான்காகக் கிழித்தாள். பிறகு அளவுக் கருவியைக் கொண்டுவந்து, எல்லோர் முன்னிலையிலும் அவருடைய விசையில் மாட்டி இழுத்தாள். ஒன்றே முக்கால் பவுண்டு. வகுப்பு எடுப்பவர்கள் நாலுக்குக் குறைவாக வைத்திருக்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. அந்த விதியில் உபதலைவர் என்று கையெழுத்துப் போட்டிருந்தவர் ராய்ஸ்.

ஒரு வருடம் வகுப்பு எடுக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டாரா என்றால், “நான் ஒன்னும் வேணும்னு பண்ணல” என்று தபால்பெட்டி அருகில் நின்று தரையிடம் சொன்னார். அவ்வளவுதான். ஊரும் என்ன சொன்னது தெரியுமா? ‘பாவம் ராய்ஸ், பிள்ளைங்க முன்னால அப்படிப் பண்ணியிருக்க வேண்டாம்’ என்றது. ஆறு வாரம் என்னைப் பார்த்துச் சிரித்த வாய்களில் ஒன்றுகூட ‘பாவம் நெல்டா’ என்று சொல்லவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது சரி. கொஞ்சம் வெட்கமாவது இருக்கலாம்.

அடுத்த வாரம் நான் தனியாகத் திடலுக்குப் போனேன். காதுமூடிக்கு உள்ளே பஞ்சடைப்பானும் வைத்துக்கொண்டு மூன்றையும் சுட்டேன். ரிவால்வர் இரண்டு விரல் கேட்டது. முதல் இழுப்பு கனமாகவும் அடுத்தது லேசாகவும் இருந்தது என்னைக் குழப்பியது. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் வேறு வேறு எடையில் இருக்கும் பியானோவை நான் யாருக்கும் விட்டுவிட்டு வந்ததில்லை. ஒரே எடையில் இழுக்கிற அந்த ஐந்தரைப் பவுண்டுதான் என் விரலுக்குப் புரிந்தது. தெரியாமல் உரசினால் வெடிக்காது. நான் வேண்டும் என்று நினைத்தால் மறுக்காது. இடது கைக்கும் வலது கைக்கும் ஒன்றுதான். பூட்டு இல்லாததால், விசையை முழுக்க மூடுகிற கெட்டியான உறை ஒன்றும் சேர்த்துக் கிப்பின் கடையில் வாங்கினேன். படிவம் நிரப்பினேன், என்மேல் வழக்கு ஏதும் உண்டா என்று போனில் சரிபார்த்தார்கள், கையில் கொடுத்தார்கள். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் ஐம்பது தோட்டா சுடுகிறேன்.

மே மாதக் கடைசியில் மார்லிஸ் போன் செய்தாள்.

“நெல்டா, எனக்கும் ஒன்னு பாக்கணும். நீ கூட வர்றியா? அவர்கிட்டச் சொல்லல.”

“வர்றேன். அதுக்கு முன்னால ஒன்னு சொல்லு. ஆறு வாரம் ஏன் வாயைத் திறக்கல?”

 “அவரோட ஒரே வீட்ல இருக்கறவ நான். உன் கோபம் எட்டு மைல் தள்ளி இருந்துச்சு. அவர் கோபம் பக்கத்து நாற்காலியில இருந்துச்சு.”

“அது காரணம் மார்லிஸ். நான் எதிர்பார்த்தது காரணம் இல்ல.”

“தெரியும்” என்றாள். பிறகு, “தப்புதான் நெல்டா. என் தப்பு. உன் காதுக்கு நான் என்ன பண்ணுவேன், சொல்லு” என்று அழ ஆரம்பித்தாள். நான் அழவிட்டேன். தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை.

வியாழக்கிழமை இருவரும் போனோம். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் மாவு பிசைந்த கை அவளுக்கு. கிப் வரிசையாக வைத்த எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பன்னிரண்டு பவுண்டு ரிவால்வரை ஒற்றை விரலால், குழாய் முனை ஒரு இம்மிகூட ஆடாமல், ஐந்து தடவை இழுத்தாள்.

“எனக்கு இதுதான்” என்றாள். “கறுப்புல இருக்கா?”

நான் மறுத்துப் பேசவில்லை. அவள் விரல், அவள் முடிவு. திரும்பி வரும்போது வேனில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. என் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அவள் என் வலது பக்கம், கெட்டுப்போன காதின் பக்கம் உட்கார்ந்திருந்ததால், ஒவ்வொரு வாக்கியத்தையும் கொஞ்சம் உரக்க, இரண்டாவது தடவையும் சொன்னாள். நான் கேட்டுக்கொள்ளாமலே சொன்னாள்.